காரை தூக்க ஜாக்கி போதும், தாங்க போதாது! வீட்டு ஷெட்டில் லிப்ட் போட எவ்வளவு ஆகும்?

மண்ணூர்:

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கார் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது தெரியும். அங்கே காருக்கு அடிப்பாகத்தில் வேலை நடக்கும்போது கார் தலைக்கு மேலே தொங்கியபடி வரும். தொழிலாளி நிமிர்ந்து நின்று போல்ட் முடுக்குவார்.

அதே கார் பத்து வருஷம் ஓடி, இரண்டு கை மாறி, மண்ணூர் பக்கம் ஒரு தகர ஷெட்டுக்கு ரிப்பேருக்கு வரும்போது கதையே வேறு. கார் தரையில் நிற்கும். மெக்கானிக் சாக்கை விரித்து மல்லாந்து படுத்து அடியில் நுழைவார். மேலே ஒரு டன் இரும்பு. அதை தாங்கி நிற்பது ஒரே ஒரு ஜாக்கி. அந்த ஜாக்கி நழுவினால் என்ன ஆகும் என்பதை சொல்ல வேண்டியது இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில் 1998-ல் ஹூண்டாய் காரும், ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிசான் காரும் தயாராக தொடங்கிய பிறகு இந்த பகுதியில் கம்பெனி வேன், கால் டாக்சி, குட்டியானை எனப்படும் லோடு வண்டிகள் பெருகிவிட்டன. அவற்றை பழுது பார்க்க வீட்டை ஒட்டி ஷெட் போட்டு தொழில் செய்பவர்களும் பெருகிவிட்டார்கள். "ஒரு லிப்ட் இருந்தால் நல்லா இருக்கும்" என்ற ஆசை எல்லோருக்கும் உண்டு. "அது பெரிய ஒர்க்ஷாப்காரர்களுக்கு, நமக்கு கட்டுப்படி ஆகுமா?" என்ற தயக்கமும் உண்டு.

லிப்டில் எத்தனை வகை, எதற்கு எவ்வளவு செலவு, வாங்க முடியாதவர்கள் உயிரை காப்பாற்றிக் கொள்ள என்ன செய்யலாம்? விவரம் வருமாறு:-

ஜாக்கி ஏன் நழுவுகிறது?

ஹைட்ராலிக் ஜாக்கியின் தத்துவம் ரொம்ப சிம்பிள். உள்ளே எண்ணெய் இருக்கிறது. ஒரு பக்கம் சின்ன பிஸ்டன், மறுபக்கம் பெரிய பிஸ்டன். சின்ன பிஸ்டனின் பரப்பு 1 சதுர செ.மீ., பெரிய பிஸ்டனின் பரப்பு 50 சதுர செ.மீ. என்று வைத்துக் கொள்வோம். சின்னதில் 20 கிலோ அழுத்தம் கொடுத்தால் பெரியது 1,000 கிலோவை தூக்கும். பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி பாஸ்கல் 17-ம் நூற்றாண்டில் கண்டுபிடித்து சொன்ன விதி இது.

ஆனால் அந்த 1,000 கிலோவையும் தாங்கிக் கொண்டிருப்பது எண்ணெயும், அதை வெளியே விடாமல் பிடித்திருக்கும் ஒரு ரப்பர் சீலும்தான். சீல் தேய்ந்தாலோ, வால்வில் தூசி மாட்டினாலோ எண்ணெய் கசியும். ஜாக்கி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். சில நேரம் ஒரேயடியாக இறங்கும்.

அடுத்தது தரை. மண் தரையில் ஜாக்கி வைத்தால் பாரம் ஏறியதும் ஒரு பக்கம் புதையும். மழை பெய்து நனைந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

மூன்றாவது ஹேண்ட் பிரேக். பெரும்பாலான கார்களில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரங்களை மட்டுமே பிடிக்கும். பின் பக்கத்தை தூக்கிவிட்டால் ஹேண்ட் பிரேக் போட்டும் பிரயோஜனம் இல்லை. முன் சக்கரம் உருண்டால் ஜாக்கி சாய்ந்துவிடும்.

சுருக்கமாக சொன்னால், ஜாக்கி வண்டியை தூக்குவதற்கு மட்டும்தான். தாங்கி நிற்பதற்கு அல்ல.

முதல் செலவு இதுதான்

லிப்ட் வாங்க பணம் சேர்க்கும் வரை காத்திருக்க வேண்டாம். இன்றைக்கே செய்ய வேண்டிய செலவு ஒரு ஜோடி ஜாக்கி ஸ்டாண்டு. மூன்று கால் அல்லது நான்கு கால் வைத்து, நடுவில் பல் வெட்டிய கம்பி உள்ள இரும்பு ஸ்டாண்டு. இதில் எண்ணெய் இல்லை, சீல் இல்லை. இரும்பு மேல் இரும்பு உட்கார்ந்திருப்பதால் தானாக இறங்காது. ஜோடி சில ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும்.

பயன்படுத்தும் முறை:-

* சமமான, கெட்டியான தரையில் மட்டும் வண்டியை தூக்க வேண்டும். மண் தரை என்றால் அடியில் கனமான இரும்பு பிளேட் போட வேண்டும்.

* தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். முதல் கியரில் நிறுத்த வேண்டும்.

* வண்டி தூக்கியதும் சேசிஸ் அல்லது கம்பெனி குறித்துள்ள இடத்தில் ஸ்டாண்டை கொடுத்து, பாரம் முழுவதையும் ஸ்டாண்டு மேல் இறக்க வேண்டும்.

* அடியில் போகும் முன் வண்டியை பக்கவாட்டில் நன்றாக அசைத்து பார்க்க வேண்டும். ஆடினால் இறக்கிவிட்டு மறுபடி வைக்க வேண்டும்.

* கழற்றிய சக்கரத்தை ஓரமாக உருட்டி வைக்காமல் காரின் அடியில் படுக்க வையுங்கள். ஸ்டாண்டே சரிந்தாலும் அந்த சக்கரம் ஓர் ஆள் படுக்கும் இடைவெளியை காப்பாற்றி கொடுக்கும்.

ஸ்டாண்டுக்கு பதில் செங்கல், ஹாலோ பிளாக் கல் கொடுக்கும் பழக்கம் நிறைய ஷெட்டுகளில் இருக்கிறது. இது கூடவே கூடாது. ஹாலோ பிளாக் சுவர் கட்ட செய்யப்பட்டது. ஒரே புள்ளியில் பாரம் விழுந்தால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் நொறுங்கிவிடும். மரக்கட்டை வளையும், முனகும். ஆனால் கல் அப்படி எச்சரிக்காது.

குழி வெட்டினால் மலிவாச்சே?

லிப்ட் வாங்க முடியாதவர்கள் யோசிக்கும் அடுத்த வழி குழி. லாரி ஷெட்டுகளில் காலம் காலமாக இருப்பதுதான். வண்டியை மேலே நிறுத்திவிட்டு குழிக்குள் நின்று வேலை பார்க்கலாம். ஜாக்கி நழுவும் பயம் கிடையாது. கொத்தனார் கூலி, செங்கல், சிமெண்ட்டோடு வேலை முடிந்துவிடும்.

ஆனால் குழிக்கும் ஆபத்துகள் உண்டு. பெட்ரோல் ஆவியும் எல்.பி.ஜி. கேசும் காற்றை விட கனமானவை. அவை மேலே போகாமல் குழிக்குள் இறங்கி தேங்கும். அங்கே ஒரு சின்ன பொறி பறந்தால் போதும். கேஸில் ஓடும் ஆட்டோ, வேன்களை குழி மேல் நிறுத்தும்போது இது ரொம்ப முக்கியம். இன்ஜினை ஓடவிட்டு அடியில் நின்றால் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு ஆளை மயக்கிவிடும். அதற்கு வாசனை கிடையாது.

ஏரிகள் நிறைந்த பகுதி இது. வடகிழக்கு பருவமழை நேரத்தில் குழியில் ஊற்று வந்து தண்ணீர் நிற்கும். அதில் கரண்ட் விளக்கு விழுந்தால் விபரீதம். குழி வெட்டுபவர்கள் உட்புறம் பூசி, படிக்கட்டு வைத்து, 12 வோல்ட் விளக்கு பயன்படுத்தி, வேலை இல்லாதபோது கனமான பலகையால் மூடி வைக்க வேண்டும். வீட்டை ஒட்டிய ஷெட் என்றால் குழந்தைகள் ஓடி விளையாடுவார்கள் என்பதை மறக்கக் கூடாது.

லிப்டில் என்னென்ன வகை?

வாட்டர் சர்வீஸ் ஸ்டேஷன்களில் நடுவில் ஒரு தடித்த தூண் எழும்பி காரை தூக்குவதை எல்லோரும் பார்த்திருப்போம். அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் மெக்கானிக்காக இருந்த பீட்டர் லுனாட்டி என்பவர் 1925-ல் இந்த மாதிரி லிப்டை உருவாக்கினார். சலூன் கடை நாற்காலி ஏறி இறங்குவதை பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்ததாக சொல்வார்கள். இதற்கு தரையை ஆழமாக தோண்டி சிலிண்டரை புதைக்க வேண்டும். வீட்டு ஷெட்டுக்கு ஒத்து வராது.

வீட்டு ஷெட்டுக்கு பார்க்கக் கூடியவை மூன்று.

1. சிசர் லிப்ட்: கத்தரிக்கோல் மாதிரி விரிந்து தூக்கும். இதில் இடுப்பு உயரம் வரை மட்டும் தூக்கும் சின்ன ரகம் உண்டு. சில மாடல்களை சக்கரம் வைத்து தள்ளிக் கொண்டு போகலாம். வாடகை ஷெட்டில் இருப்பவர்களுக்கு இது நல்லது. காலி செய்யும்போது லிப்ட்டையும் கையோடு எடுத்துப் போகலாம். டயர், பிரேக், சஸ்பென்ஷன், டிங்கரிங் வேலைக்கு ஏற்றது. ஆனால் நடு அடிப்பாகத்தை லிப்டே மறைத்துக் கொள்ளும். கியர் பாக்ஸ் இறக்க கஷ்டம்.

2. இரண்டு தூண் லிப்ட்: இரண்டு பக்கமும் தூண், அதிலிருந்து நீளும் நான்கு கைகள். காரை ஆள் உயரத்துக்கு தூக்கிவிடும். அடிப்பாகம் முழுவதும் திறந்திருக்கும். கிளட்ச், கியர் பாக்ஸ், சைலன்சர் எல்லா வேலையும் நின்றபடி செய்யலாம். மெக்கானிக்குகள் அதிகம் விரும்புவது இதைத்தான்.

3. நான்கு தூண் லிப்ட்: கார் இரண்டு நீள பலகை மேல் ஏறி நிற்கும். உறுதியானது. வீல் அலைன்மெண்ட் செய்பவர்களுக்கு ஏற்றது. இடமும் விலையும் அதிகம். சக்கரம் கழற்ற தனி ஜாக்கி வேண்டும்.

வாங்குவதற்கு தூரம் போக வேண்டியது இல்லை. கோவை, புதுச்சேரியிலேயே ஒர்க்ஷாப் சாதனம் தயாரிக்கும் கம்பெனிகள் உள்ளன. லிப்ட் வாங்கும்போது சர்வீஸ் ஆள் எந்த ஊரிலிருந்து வருவார், சீல், கேபிள், நட் போன்ற ஸ்பேர் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள். விலை குறைவு என்று வெளிநாட்டு மாடல் வாங்கிவிட்டு ஒரு சீலுக்காக மாதக்கணக்கில் லிப்டை சும்மா நிறுத்தி வைப்பதில் லாபம் இல்லை.

விலை மட்டும் செலவு அல்ல

புதிய இரண்டு தூண் லிப்ட் பொதுவாக ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகும். எடை தாங்கும் திறன், கம்பெனியை பொறுத்து விலை ஏறும். இதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. டீலர் சொல்லும் விலை வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று கேட்டுக் கொள்ள வேண்டும். வண்டி வாடகை, பொருத்தும் கூலி தனி. இதையெல்லாம் கணக்கு போட்டவர்கள் கூட மூன்று விஷயத்தை மறந்துவிடுகிறார்கள்.

தரை: இரண்டு தூண் லிப்டை நிமிர்த்தி பிடிப்பது தரையில் அடிக்கும் ஆங்கர் போல்ட்டுகள்தான். அவை பிடிப்பது கான்கிரீட்டை. மண் மேல் 2 அங்குல சிமெண்ட் பூச்சு போட்ட தரையில் போல்ட் அடித்தால் காரோடு சேர்ந்து தூணும் சாயும். கம்பெனி கையேட்டில் போட்டிருக்கும் கனத்துக்கு குறையாமல், பொதுவாக 6 அங்குலத்துக்கு கம்பி கட்டி எம்-20 தர கான்கிரீட் போடுவது நல்லது. 12 அடிக்கு 12 அடி இடம் என்றால் 72 கன அடி, அதாவது சுமார் 2 கன மீட்டர் கான்கிரீட். ஏறக்குறைய 16 மூட்டை சிமெண்ட் ஆகும். போட்ட பிறகு நன்றாக தண்ணீர் விட்டு, 28 நாள் கழித்துதான் லிப்டை நிறுத்த வேண்டும். அவசரப்படக் கூடாது.

கூரை: சாதாரண கார் 5 அடி உயரம். அதை 6 அடி தூக்கினால் மொத்தம் 11 அடி. வேன் என்றால் இன்னும் கூடும். 10 அடி உயர தளம் போட்ட வீட்டு போர்டிகோவில் இது நடக்காது. 13, 14 அடி உயர ஷெட் வேண்டும். தூண்களை மேலே இணைக்கும் மாடலா, தரையில் இணைக்கும் மாடலா என்பதையும் பார்க்க வேண்டும். லிப்ட் வந்து இறங்கிய பிறகு கூரையை பிரித்தால் அது தனி செலவு.

கரண்ட்: பெரிய லிப்ட்களுக்கு பெரும்பாலும் த்ரீ பேஸ் மோட்டார். சிங்கிள் பேசில் ஓடும் மாடலும் உண்டு. இருப்பது எந்த இணைப்பு என்று பார்த்து ஆர்டர் கொடுக்க வேண்டும். சொந்த காரை பார்த்துக் கொள்வது வேறு. தொழில் நடத்துபவர்கள் வீட்டு கரண்ட்டில் லிப்டை ஓட்டினால் வம்பு. 2003-ம் ஆண்டு மின்சார சட்டத்தின் 126-வது பிரிவுப்படி, உரிய பிரிவுக்கான கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு வசூலிக்க முடியும். தொழிலுக்கான இணைப்பை கேட்டு வாங்கிவிடுவதே நல்லது. எர்த் கம்பியும் அவசியம்.

கட்டுப்படி ஆகுமா? ஒரு கணக்கு

லிப்ட், வரி, தரை, ஒயரிங் எல்லாம் சேர்த்து 2 லட்சம் ரூபாய் கடன் வாங்குவதாக வைத்துக் கொள்வோம். வட்டி 12 சதவீதம், 3 வருஷ தவணை என்றால் மாதம் சுமார் 6,640 ரூபாய் கட்ட வேண்டும். மாதம் 26 நாள் வேலை என்றால் ஒரு நாளைக்கு 255 ரூபாய். லிப்ட் வந்ததால் தினமும் ஒரு சின்ன வேலை கூடுதலாக முடியுமானால் கட்டுப்படி ஆகும். வாரத்துக்கு இரண்டு கார்தான் வருகிறது என்றால் ஆகாது. அவர்களுக்கு ஸ்டாண்டும் நல்ல டிராலி ஜாக்கியும் போதும்.

இன்னொரு வழி கூட்டு. பக்கத்து பக்கத்தில் ஷெட் வைத்திருக்கும் மூன்று, நான்கு பேர் சேர்ந்து ஒரே லிப்டை வாங்கி, மணிக் கணக்கில் வாடகை வைத்துக் கொள்ளலாம். மேலே சொன்ன 255 ரூபாய் நான்கு பேருக்கு பிரிந்தால் ஆளுக்கு 64 ரூபாய். ஆனால் ரிப்பேர் செலவு யாருக்கு, யார் யார் இயக்கலாம் என்பதை முதல் நாளே எழுதி வைத்துக் கொள்ள வேண்டும்.

கடன் எங்கே கிடைக்கும்?

2015-ல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் வங்கிகள் சிறு தொழிலுக்கு கடன் தருகின்றன. 50 ஆயிரம் வரை சிஷு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர் பிரிவு. லிப்டுக்கு கேட்க வேண்டியது கிஷோர். டீலரிடம் வாங்கிய கொட்டேஷன், ஆதார், உத்யம் பதிவு சான்று, வங்கி கணக்கு விவரம் தயாராக இருக்க வேண்டும்.

ஆதி திராவிடர், பழங்குடியின தொழில் முனைவோருக்கு தமிழக அரசு 2023-ல் கொண்டு வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. 2 லட்சம் முதலீட்டில் 70 ஆயிரம் மானியம் என்பது சின்ன தொகை இல்லை. இதற்கும் மற்ற மானிய திட்டங்களுக்கும் காஞ்சீபுரம் மாவட்ட தொழில் மையத்தை அணுகலாம். மெஷின் வாங்கும் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். வாங்கிய பிறகு போய் நின்றால் சிக்கல்.

பழைய லிப்ட் வாங்கலாமா?

மூடப்படும் ஒர்க்ஷாப்களில் இருந்து பழைய லிப்ட் விலைக்கு வருவது உண்டு. பாதி விலை என்றதும் முண்டியடிக்காமல் இவற்றை பார்க்க வேண்டும்:-

1. தூணில் ஒட்டியிருக்கும் எடை விவர பிளேட் இருக்கிறதா? இல்லாவிட்டால் வாங்க வேண்டாம்.

2. தூண், கைகளில் வெல்டிங் ஒட்டு போட்டிருக்கிறார்களா? போட்டிருந்தால் வேண்டவே வேண்டாம்.

3. ஸ்குரூ மாடல் என்றால் பாரம் தாங்கும் மெயின் நட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது? அதற்கு கீழே பாதுகாப்பு நட் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி குறைந்திருந்தால் மெயின் நட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

4. ஹைட்ராலிக் மாடல் என்றால் ஒரு காரை ஏற்றி, லாக்கில் உட்கார வைக்காமல் அரை மணி நேரம் விட்டு பாருங்கள். அடியில் யாரும் போகக் கூடாது. கார் தானாக இறங்கினால் சீல் போயிருக்கிறது.

5. இரண்டு பக்க லாக்கும் ஒரே நேரத்தில் விழுகிறதா?

6. கேபிளில் பிசிறு, சங்கிலியில் துரு இருக்கிறதா?

7. கைகளின் முனையில் உள்ள ரப்பர் பேடு, கை திரும்பாமல் பிடிக்கும் பூட்டு சரியாக உள்ளதா?

கண்ணால் பார்த்தது மட்டும் போதாது. ஓட விட்டு பார்த்து வாங்க வேண்டும். கழற்றி அடுக்கி வைத்திருக்கும் லிப்டை வாங்குவது கண்ணை கட்டிக் கொண்டு மாடு வாங்குவது மாதிரி.

எடை கணக்கு தெரியணும்

மாருதி ஆல்டோ ஏறக்குறைய 750 கிலோ. ஸ்விப்ட் 900 கிலோ சுமார். இன்னோவா கிரிஸ்டா 1,800 கிலோவை தொடும். லோடு வண்டிகளை சரக்கோடு தூக்கக் கூடாது. லிப்ட் 4 டன் தாங்கும் என்று போட்டிருந்தாலும் பாரம் நடுவில் இருக்க வேண்டும். முன்னால் இன்ஜின் கனம், பின்னால் காலி. இன்ஜினையோ கியர் பாக்ஸையோ இறக்கியதும் கனம் பின்பக்கம் போய் கார் சாயப் பார்க்கும். அந்த மாதிரி வேலைக்கு பின்னால் தனி ஸ்டாண்டு முட்டு கொடுக்க வேண்டும்.

தூக்கும்போது முதலில் சக்கரம் தரையை விட்டு அரை அடி எழும்பியதும் நிறுத்தி, காரை அசைத்து பாருங்கள். அப்புறம் மேலே தூக்குங்கள். தேவையான உயரம் வந்ததும் கொஞ்சம் இறக்கி லாக்கில் உட்கார வையுங்கள். லாக்கில் உட்காராத லிப்ட், பெரிய சைஸ் ஜாக்கி. அவ்வளவுதான். காருக்குள் ஆள் இருக்கும்போது தூக்கவே கூடாது.

கேட்க ஆள் இல்லாத இடம்

தொழிற்சாலைகளில் பாரம் தூக்கும் மெஷின்களை 12 மாதத்துக்கு ஒரு முறை தகுதி பெற்றவர் பரிசோதிக்க வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலை சட்டம் விதித்தது. இப்போது அந்த சட்டத்துக்கு பதிலாக புதிய தொழிலாளர் சட்ட தொகுப்பு 2025 நவம்பர் 21-ந் தேதி அமலுக்கு வந்திருக்கிறது. ஆனால் அப்பாவும் பிள்ளையும், கூட ஒரு பையனும் வேலை செய்யும் வீட்டு ஷெட்டுக்கு இன்ஸ்பெக்டர் வந்து லிப்டை சோதிக்கப் போவதில்லை. அங்கே முதலாளி, தொழிலாளி, இன்ஸ்பெக்டர் எல்லாம் ஒரே ஆள்தான். மாதம் ஒரு நாள் போல்ட், கேபிள், லாக், எண்ணெய் கசிவு ஆகியவற்றை பார்த்து நோட்டில் எழுதி வைக்கும் பழக்கம் உயிரை காப்பாற்றும்.

மெக்கானிக்குகளுக்கு இன்னொரு விஷயம். வாகனம் பழுது பார்க்கும் அமைப்புசாரா தொழிலாளர்களுக்கும், டிரைவர்களுக்கும் சேர்த்து தமிழக அரசின் நலவாரியம் இருக்கிறது. தொழிலாளர் நலத்துறையில் பதிவு செய்து கொள்ளலாம். வங்கிகளில் வருஷத்துக்கு 20 ரூபாய் கட்டினால் விபத்தில் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டமும் உள்ளது. 18 முதல் 70 வயது வரை சேரலாம். ஒரு டீ, ஒரு வடை காசு.

அசம்பாவிதம் நடந்து யாராவது அடியில் மாட்டிக் கொண்டால் கையை காலை பிடித்து இழுக்கக் கூடாது. வேறு ஜாக்கியால் வண்டியை தூக்கி, கட்டை கொடுத்து, பிறகுதான் ஆளை எடுக்க வேண்டும். அதற்குள் ஒருவர் 108-க்கு போன் செய்துவிட வேண்டும். அதனால்தான் தனியாக இருக்கும்போது காருக்கு அடியில் போகாதீர்கள் என்று சொல்கிறார்கள்.

லிப்ட் இந்த வருஷம் வாங்கலாம், அடுத்த வருஷமும் வாங்கலாம். ஸ்டாண்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள். நாளை காலை ஷெட்டை திறக்கும் முன் ஒரு ஜோடி வாங்கி வைத்துவிடுங்கள்.